ஒரு வண்டி, ஒரு செட், பத்து போன்: எல்லாரும் சேர்ந்து இயக்க ஒரு வழி

போன வருடம் ஒரு கல்யாண நிச்சயத்துக்கு நாகர்கோவிலில் இருந்து திருச்செந்தூருக்கு வேனில் போனோம். பதினேழு சீட் டெம்போ டிராவலர். முன்னால் பத்து இஞ்ச் ஆண்ட்ராய்டு செட், அதாவது பாட்டும் மேப்பும் ஓடும் தொடுதிரை, அதில் மேப் ஓடிக்கொண்டிருந்தது. அஞ்சுகிராமம் நெருங்கும் நேரம், பின்சீட்டில் இருந்த சித்தி மகனின் போன் புளூடூத்தில் தானாகவே செட்டோடு சேர்ந்துகொண்டது. அவன் ஒரு பாட்டைத் தட்டினான். மேப் மறைந்து பாட்டுத் திரை வந்துவிட்டது. "எடே மக்கா, மேப்பு எங்கடே போச்சு?" என்று கேட்டபடி டிரைவர் அண்ணன் இடது கையை நீட்டிச் செட்டைத் தடவினார். அவர் கண் திரையில் இருந்தது மூன்று நொடிதான். அதற்குள் இடது சக்கரம் தாரை விட்டு மண்ணில் இறங்கி உரசும் சத்தம் கேட்டது. வண்டியை உடனே இழுத்துவிட்டார். 60 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று நொடி என்றால் 50 மீட்டர். அந்த 50 மீட்டரில் ரோட்டோரமாக யாரும் நடந்து வரவில்லை, அதனால் தப்பித்தோம்.

நான் பன்னிரண்டு வருடமாக வடசேரி பக்கம் கார் செட் மாட்டும் வேலையில் இருக்கிறேன். அன்று அந்த வண்டியில் நானும் உட்கார்ந்திருந்தேன். புறப்படும் முன் பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தால் அது நடந்திருக்காது என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. அந்தப் பத்து நிமிடத்தில் என்னென்ன செய்ய வேண்டும் என்பதைப் புதிதாகச் செய்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

மடை ஒருத்தர் கையில், தண்ணீர் எல்லாருக்கும்

ஒரே திரையைப் பல பேர் இயக்க இரண்டு விதம் உண்டு. திரையையே எல்லாருக்கும் கொடுப்பது ஒரு விதம். ஏர் மவுஸ் என்று ஒரு ரிமோட் கிடைக்கிறது, யுஎஸ்பியில் செருகினால் செட்டின் திரையில் அம்புக்குறி வரும். இரண்டு ஏர் மவுஸ் செருகினாலும் வருவது ஒரே அம்புக்குறிதான். ஒருவர் இடப்பக்கம் இழுக்க இன்னொருவர் வலப்பக்கம் இழுப்பார், நடுவில் மேப் போய்விடும். போனில் இருந்து செட்டின் திரையை அப்படியே இயக்கும் ஆப்களிலும் இதே தொல்லைதான். ஓடுகிற வண்டிக்கு இந்த விதம் வேண்டவே வேண்டாம்.

மற்றொரு விதத்தில் திரை ஒருவரிடமே இருக்கும், பாட்டு வரிசை மட்டும் எல்லாருக்கும் பொதுவாக இருக்கும். நாஞ்சில் நாட்டு வயல்காரர்களுக்கு இது பழகிய சங்கதி. பேச்சிப்பாறைத் தண்ணீர் வாய்க்காலில் வருகிறது. மடையைத் திறந்து மூட ஒருவர் இருப்பார், வயல்களுக்கு முறை வைத்துப் பாயும். ஆளாளுக்கு மண்வெட்டியோடு போய் மடையை வெட்டினால் கடைமடை காய்ந்துவிடும், கரையும் நிற்காது. வண்டியிலும் அப்படித்தான். யார் வேண்டுமானாலும் தன் போனில் இருந்து வரிசையில் பாட்டைச் சேர்க்கலாம். நிறுத்துவது, தாண்டுவது, சத்தத்தைக் கூட்டிக் குறைப்பது எல்லாம் முன்சீட்டில் இருக்கும் ஒருவர் வேலை. டிரைவருக்கு ஸ்டீரிங்கில் இருக்கும் மியூட் பட்டன் மட்டும் போதும், ஆனால் அதுதான் எல்லாருக்கும் மேலே. அவர் மியூட் செய்தால் ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. ஆம்புலன்ஸ் சத்தம் காதில் விழுந்திருக்கும், அல்லது மழையில் கண்ணாடி மங்கியிருக்கும்.

முன்சீட்டுக்காரர் யார் என்பதைப் புறப்படும் முன்பே சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டில் இப்போது அந்தச் சீட் மைனிக்குத்தான். அண்ணனைவிட அவளுக்குப் பொறுமை அதிகம், பிள்ளைகளும் அவள் சொன்னால் கேட்கும்.

உங்கள் வண்டியில் இருப்பது எந்தச் செட்

அடுத்து செய்ய வேண்டிய எல்லாமே இதைப் பொறுத்தது. காரோடு கம்பெனியே கொடுத்த செட்டில் பெரும்பாலும் ஆண்ட்ராய்டு போனுக்கான ஆண்ட்ராய்டு ஆட்டோவும் ஐபோனுக்கான கார்ப்ளேயும் இருக்கும். இரண்டுமே 2014-இல் அறிவிக்கப்பட்டவை. இவற்றில் செட் என்பது போனின் கண்ணாடி மாதிரி. வேலை செய்வது போன், அதுவும் ஒரு நேரத்தில் ஒரு போன்தான். "ரெண்டு போன ஒண்ணா கனெக்ட் பண்ண முடியாதாண்ணே?" என்று கடையில் அடிக்கடி கேட்பார்கள். அழைப்புக்காக இரண்டு போனை ஒரே நேரத்தில் ஏற்கிற செட்டுகள் உண்டு. பாட்டும் மேப்பும் ஒன்றில் இருந்துதான் வரும். ஆகையால் இந்த வகை வண்டியில் பொதுவாக்க வேண்டியது அந்த ஒரு போனுக்குள் இருக்கும் பாட்டு ஆப்பை. சாதாரணப் புளூடூத் ஸ்டீரியோ இருந்தாலும் இதே கணக்குதான்.

கடையில் வாங்கி மாட்டிய ஒன்பது இஞ்ச், பத்து இஞ்ச் ஆண்ட்ராய்டு செட் வேறு வகை. அது தனியாகவே ஒரு டேப்லெட். பிளே ஸ்டோர் இருக்கும், வைஃபை இருக்கும், பென்டிரைவ் செருகலாம். டூரிஸ்ட் வேன்களில் பெரும்பாலும் இதுதான். பல பேர் சேர்ந்து இயக்க இதுவே மிக வசதி. சில வேன்களில் சீட்டுக்கு மேலே கூரையில் ஒரு டிவியும் அதில் செருகிய டிவி ஸ்டிக்கும் இருக்கும். அதற்குத் தனி வழி, பின்னால் சொல்கிறேன்.

ஆண்ட்ராய்டு செட் மாட்டும்போது பார்க்கிங் பிரேக் வயர் என்று ஒன்று வரும். ஹேண்ட் பிரேக் போட்டிருந்தால்தான் முன்திரையில் வீடியோ ஓட வேண்டும் என்பதற்காக அதைக் கொடுத்திருக்கிறார்கள். அதை பாடியில் எர்த் செய்துவிட்டால் வண்டி ஓடும்போதும் படம் ஓடும். வாடிக்கையாளர் கேட்கிறார் என்று அப்படிச் செய்து கொடுக்கிற கடைகள் இருக்கின்றன. நான் செய்வதில்லை. உங்கள் வண்டியில் அப்படிச் செய்திருந்தால் வயரை அதற்குரிய இடத்தில் மாட்டிவிடுங்கள். அதற்குப் பிறகு படியுங்கள் மற்றதை.

எல்லாரையும் ஒரே வைஃபையில் சேர்ப்பது

வண்டிக்குள் ஒரு ஹாட்ஸ்பாட் வேண்டும். செட்டிலேயே ஹாட்ஸ்பாட் வசதி இருந்தால் அதுதான் நல்லது, ஏனென்றால் செட் எப்போதும் வண்டியில் இருக்கும். இல்லையென்றால் முன்சீட்டுக்காரரின் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, செட்டையும் அதிலேயே சேருங்கள். வயர் இல்லாமல் ஆண்ட்ராய்டு ஆட்டோவில் இணைத்திருக்கும் போனை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். அந்தப் போனின் வைஃபை ஏற்கெனவே செட்டோடு பேசிக்கொண்டிருக்கும், இரண்டு வேலையைக் கொடுத்தால் மேப் நின்று நின்று வரும்.

ஹாட்ஸ்பாட் அமைப்பில் மூன்று இடத்தைப் பாருங்கள். 2.4, 5 என்று இரண்டு பேண்ட் இருந்தால் 2.4-ஐ வையுங்கள். பாட்டிக்குக் கொடுத்திருக்கும் பழைய போனும் அதில்தான் சேரும். 'தானாக அணைத்துவிடு' என்பது ஆன் ஆகியிருந்தால் ஆஃப் செய்யுங்கள். இல்லையென்றால் சாயாக் கடையில் எல்லாரும் இறங்கி ஏறுவதற்குள் ஹாட்ஸ்பாட் அணைந்திருக்கும். எத்தனை போன் சேரலாம் என்ற எண்ணிக்கையையும் பாருங்கள். பெரும்பாலான போன்களில் எட்டு, பத்துக்கு மேல் இடம் கிடையாது. பதினேழு பேருக்கும் வேண்டாம், சீட்டு வரிசைக்கு ஒரு போன் சேர்ந்தால் போதும்.

பாஸ்வேர்டை வாயால் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஹாட்ஸ்பாட் பக்கத்திலேயே க்யூஆர் கட்டம் இருக்கும். அதைப் பக்கத்துச் சீட்டுக்காரரிடம் காட்டினால் ஸ்கேன் செய்து உள்ளே வந்துவிடுவார், அவர் போனில் இருந்து அடுத்தவர் எடுத்துக்கொள்ளலாம்.

ரோட்டில் சிக்னல் இருந்தால்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், அங்கிருந்து களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் என்று போகிற வழியில் நெட்டுக்குப் பெரிய குறை இல்லை. அங்கே ஸ்பாட்டிஃபை என்ற பாட்டு ஆப்பில் உள்ள ஜாம் என்ற வசதி எளிது. 2023-இல் வந்தது. தொடங்குகிறவரிடம் பிரீமியம், அதாவது காசு கட்டும் சந்தா, இருக்க வேண்டும். செட்டோடு இணைந்த போனில், வண்டியை எடுக்கும் முன், ஒரு பாட்டைப் போட்டு அதன் பக்கத்து மூன்று புள்ளியைத் தொட்டு ஜாம் தொடங்குங்கள். க்யூஆர் கட்டம் வரும். மற்றவர்கள் அதை ஸ்கேன் செய்தால் போதும், கூட வண்டியில் இருப்பவர்களிடம் பிரீமியம் இல்லாவிட்டாலும் சேரலாம். 32 பேர் வரை இடம் உண்டு. ஒவ்வொருவரும் தன் போனில் பாட்டைத் தேடி வரிசையில் சேர்ப்பார்கள், யார் எதைச் சேர்த்தார்கள் என்பதும் தெரியும். தொடங்கியவர் வரிசையை மாற்றலாம், ஒரு பாட்டை எடுக்கலாம், ஒரு ஆளையே வெளியே அனுப்பலாம். அந்தக் கடைசி உரிமையைப் பிள்ளைகளிடம் எடுத்த எடுப்பில் காட்டாதீர்கள், அழுகை வண்டி முழுக்கக் கேட்கும்.

ஐபோன்காரர்களுக்குக் கார்ப்ளேயில் ஜாம் மாதிரியே ஷேர்பிளே என்ற வசதி இருக்கிறது. ஐஓஎஸ் 17-இல் இருந்து வந்தது. வண்டியில் இணைத்த ஐபோனில் ஆப்பிள் மியூசிக் சந்தா இருக்க வேண்டும். மற்ற ஐபோன்கள் க்யூஆரை ஸ்கேன் செய்து, இவர் அனுமதி கொடுத்தால் உள்ளே வரும். அவர்களுக்குச் சந்தா தேவையில்லை.

நம்மூரில் நிறைய பேர் வைத்திருப்பது யூடியூப் மியூசிக். அதில் பலர் சேர்ந்து ஒரே பிளேலிஸ்ட்டை நிரப்பலாம். முந்தின நாள் ராத்திரி வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் லிங்கைப் போட்டு, 'ஆளுக்கு அஞ்சு பாட்டு, பத்து மணிக்குள்ள' என்று சொல்லிவிடுங்கள். காலையில் முன்சீட்டுக்காரர் அதைத் தட்டிவிட்டால் வழி முழுக்க ஓடும். நடுவழியில் மாற்றும் வசதி இதில் குறைவு. ஆனாலும் சண்டை பாதியாகக் குறைவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மலைக்குப் போனால்: கோடியும் ஒரு பென்டிரைவும்

திற்பரப்பு வரைக்கும் சமாளிக்கலாம். பேச்சிப்பாறை தாண்டிக் கோதையாறு பக்கம் ஏறினாலோ, கீரிப்பாறைக் காட்டு ரோட்டில் திரும்பினாலோ போனில் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறையும். அப்போது நெட்டை நம்பிய எல்லாம் நின்றுவிடும். வண்டிக்குள் இருக்கும் ஹாட்ஸ்பாட்டுக்கு வெளி நெட் தேவையில்லை என்பதைப் பலர் யோசிப்பதில்லை. பாட்டு பென்டிரைவில் இருந்தால், போனில் இருந்து செட்டுக்குப் போகும் கட்டளை வண்டிக்குள்ளேயே போய் வந்துவிடும். எந்த டவரும் வேண்டாம்.

இதற்கு நான் சொல்வது கோடி (Kodi) என்ற, பாட்டு ஓட்டும் இலவச மென்பொருள். ஒரே நேரத்தில் பல போன்களில் இருந்து கட்டளை வாங்கும், எல்லார் போனிலும் ஒரே வரிசையைக் காட்டும். ஆண்ட்ராய்டு செட்டில் பிளே ஸ்டோரில் இருந்து இறக்கலாம். இதை வீட்டு வைஃபையில், வண்டி முற்றத்தில் நிற்கும்போது செய்துவிடுங்கள்.

பென்டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்யுங்கள். மற்ற முறைகளைப் பல பழைய செட்டுகள் படிக்காது. பாட்டுகளைப் 'பக்தி', 'பழசு', 'புதுசு', 'பிள்ளைகள்' என்று ஃபோல்டர் போட்டுப் பிரியுங்கள். கண்ட இடத்தில் இறக்கிய பாட்டுகளில் பாடகர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஏதாவது இணையதளப் பெயர் இருக்கும், அதை நம்பிப் பெயர் வைத்துத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. ஃபோல்டர் இருந்தால் கண்ணால் பார்த்தே எடுத்துவிடலாம். தமிழில் எழுதிய கோப்புப் பெயர் செட்டில் சதுரம் சதுரமாகத் தெரிந்தால் ஆங்கில எழுத்தில் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கோடியைத் திறந்து, மியூசிக் பகுதியில் பென்டிரைவைச் சேருங்கள். அனுமதி கேட்டால் கொடுங்கள். பிறகு பல் சக்கரப் படத்தைத் தொட்டு சர்வீசஸ், அதற்குள் கண்ட்ரோல் என்று போனால், ஹெச்டிடிபி வழியாக ரிமோட் கண்ட்ரோலை அனுமதிக்கலாமா என்று ஒரு வரி இருக்கும். ஆன் செய்யுங்கள். போர்ட் 8080 என்று இருக்கும், அப்படியே விடுங்கள். யூசர்நேமைக் குறித்துக்கொண்டு, பாஸ்வேர்டைக் கட்டாயம் போடுங்கள். பாஸ்வேர்ட் இல்லாமல் விட்டால், வைஃபையில் சேர்ந்த யாரும் உள்ளே வந்துவிடலாம். அதே பக்கத்தில் மற்ற கருவிகளில் இருந்து ஆப் வழியாக இயக்க அனுமதிக்கும் வரியையும் ஆன் செய்துவிடுங்கள்.

செட்டின் எண்ணைத் தெரிந்துகொள்ள சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பக்கத்தைத் திறங்கள். ஐபி அட்ரஸ் என்ற இடத்தில் 192.168.43.57 மாதிரி ஒன்று இருக்கும். பின்சீட்டுப் போன்களில் குரோமைத் திறந்து, அந்த எண்ணோடு ஒரு முக்காற்புள்ளியும் 8080-உம் சேர்த்து 192.168.43.57:8080 என்று அடித்தால் யூசர்நேமும் பாஸ்வேர்டும் கேட்கும். கொடுத்தால் செட்டில் இருக்கும் பாட்டெல்லாம் போனில் விரியும். ஆப் வேண்டும் என்பவர்கள் ஆண்ட்ராய்டில் கோரே (Kore) என்ற ரிமோட் ஆப்பை இறக்கிக்கொள்ளலாம். பாட்டிக்கு ஆப் வேண்டாம், குரோமில் அந்தப் பக்கத்தை முகப்புத் திரையில் ஒரு படமாக வைத்துக் கொடுங்கள். என் பாட்டி இப்போது அதைத் தொட்டுத் தானே சீர்காழி பாட்டு சேர்க்கிறாள், "மக்ளே, என் பாட்டு எத்தனாவது?" என்று கேட்பதோடு சரி.

குரோமில் திறக்கும் பக்கத்தில் ஒரு இடம் எல்லாரையும் ஏமாற்றும். பிளேலிஸ்ட்டுக்கு மேலே 'கோடி' என்றும் 'லோக்கல்' என்றும் இரண்டு இருக்கும். லோக்கல் தேர்ந்திருந்தால் பாட்டு செட்டில் பாடாது, உங்கள் போனிலேயே பாடும். முதல் நாள் மூன்று போனில் மூன்று பாட்டு பாடினால் காரணம் இதுதான். கோடி என்பதைத் தொடுங்கள். அதேபோல் பாட்டின் மேல் நேராகத் தட்டினால் ஓடுகிற பாட்டை வெட்டிவிட்டு அது தொடங்கிவிடும். பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு 'கியூ' கொடுத்தால்தான் வரிசையின் கடைசியில் போய் உட்காரும். இந்த இரண்டையும் வண்டி எடுப்பதற்கு முன் ஒவ்வொருவரையும் ஒரு தடவை செய்து காட்டச் சொல்லுங்கள். நான் சொல்லிக் கொடுத்ததில் இதுதான் அதிக நேரம் பிடித்தது, அதிகப் பலன் கொடுத்ததும் இதுதான்.

கோடியில் ஒரு குறையும் உண்டு. ஜாமில் இருப்பது போல தொடங்கியவர், சேர்ந்தவர் என்ற வேறுபாடு இதில் கிடையாது. பாஸ்வேர்ட் தெரிந்த எல்லாருக்கும் எல்லாப் பட்டனும் ஒன்றுதான், நிறுத்தலாம், தாண்டலாம், வரிசையையே அழிக்கலாம். மென்பொருள் போடாத வேலியை நாம் பேசித்தான் போட வேண்டும். பத்மநாபபுரம் அரண்மனை நம் மாவட்டத்து மண்ணில் நிற்கிறது, நிர்வாகம் கேரள அரசிடம். 1956-இல் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது எது யாருக்கு என்று பேசி முடித்ததால் இன்று வரை அப்படியே நடக்கிறது. வண்டியிலும் அப்படி ஒரு பேச்சு வேண்டும். எங்கள் வீட்டு முறை இது: ஒருவர் பாட்டு வரிசையில் இருக்கும்போது அவர் அடுத்ததைச் சேர்க்கக் கூடாது, அடுத்தவர் பாட்டைத் தாண்டக் கூடாது, பிடிக்காவிட்டால் மைனியிடம் சொல்ல வேண்டும்.

பாட்டை மட்டும் கோடியில் ஓடவிட்டு, முகப்புப் பட்டனை அழுத்தி மேப்பை முன்னால் கொண்டு வந்துவிடுங்கள். கோடி பின்னால் பாடிக்கொண்டே இருக்கும், பின்சீட்டில் எத்தனை பேர் வரிசையில் சேர்த்தாலும் டிரைவர் கண் முன் மேப் அசையாது. எங்களுக்கு அன்று அஞ்சுகிராமத்தில் வேண்டியிருந்தது இது ஒன்றுதான். ஆனால் நினைவகம் குறைந்த சில செட்டுகள் பின்னால் ஓடும் ஆப்பைத் தானாகவே மூடிவிடும். மேப்பும் கோடியும் சேர்ந்து அரை மணி நேரம் ஓடுகிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். மூடினால் செட்டின் பேட்டரி அமைப்பில் கோடிக்குக் கட்டுப்பாடு வேண்டாம் என்று மாற்றலாம்.

கூரை டிவி உள்ள வேன்

டிவி ஸ்டிக்கில் யூடியூப் இருந்தால் வேலை சுலபம். டிவியின் யூடியூப் அமைப்பில் டிவி கோட் என்று ஒரு நீள எண் வரும். ஒவ்வொரு போனிலும் யூடியூப் ஆப்பின் அமைப்புக்குள் டிவியில் பார்ப்பது என்ற இடத்தில் அந்த எண்ணை அடித்தால் இணைந்துவிடும். பல போன்கள் ஒரே டிவியோடு இணையலாம். வீடியோவைத் தொட்டதும் 'பிளே' வேண்டுமா, 'ஆட் டு கியூ' வேண்டுமா என்று கேட்கும். இரண்டாவதுதான் உங்களுடையது. டிரைவருக்குத் தெரிகிற கோணத்தில் டிவி இருந்தால், அல்லது கண்ணாடியில் அதன் வெளிச்சம் விழுந்தால், இரவில் அதை அணைத்துவிட்டுப் பாட்டு மட்டும் போடுங்கள்.

மேப்பை மட்டும் பொதுவாக்காதீர்கள்

மேப் ஒருவர் கையில் இருக்க வேண்டும், வண்டி ஓடும்போது அந்தக் கை டிரைவருடையதாக இருக்கக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 184-ஆம் பிரிவில் 2019 திருத்தத்துக்குப் பிறகு, ஓட்டும்போது போனைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவது ஆபத்தான ஓட்டுதலில் சேரும். முதல் தடவைக்கே அபராதம் 1000 முதல் 5000 ரூபாய் வரை, சிறையும் உண்டு. வழி பார்ப்பதற்கு மட்டும் போனைப் பயன்படுத்தலாம், அதுவும் டிரைவரின் கவனத்தைச் சிதறடிக்காத வகையில், என்று 2020 அக்டோபரில் விதியில் சேர்த்தார்கள்.

எங்கே போகலாம் என்பதில் எல்லாரும் கை வைக்க வேண்டிய நேரம் முந்தின நாள்தான். கூகுள் மேப்பில் ஒரு பட்டியல் தொடங்கி, பலர் சேர்க்கும்படி லிங்கைக் குரூப்பில் போடுங்கள். மாமா மாத்தூர் தொட்டிப்பாலம் போடுவார், பிள்ளைகள் திற்பரப்பு போடுவார்கள், அத்தை அரண்மனை போடுவாள். திங்கட்கிழமை என்றால் அரண்மனை மூடியிருக்கும் என்று யாராவது அப்போதே சொல்லிவிடுவார்கள், வாசலில் போய்த் திரும்ப வேண்டியிருக்காது. முடிவானதை முன்சீட்டுக்காரர் தன் போனில் நிறுத்தங்களாக வரிசைப்படுத்திக்கொண்டு, மலைப்பகுதியின் மேப்பை வீட்டு வைஃபையில் ஆஃப்லைனாக இறக்கி வைக்கட்டும். நடுவழியில் 'ஒரு சாயா குடிக்கணும்' என்று வந்தால் வாயால் சொன்னால் போதும், அதற்கு எந்தத் திரையும் வேண்டாம்.

வழக்கமாக வரும் கோளாறுகள்

வைஃபையில் சேர்ந்த போன் சிறிது நேரத்தில் தானாக விலகிவிடும். சிக்னல் இல்லாத இடத்தில் ஹாட்ஸ்பாட்டில் நெட் வராததால், போன் 'இதில் இணையம் இல்லை' என்று சொல்லி மொபைல் டேட்டாவுக்கு ஓடுகிறது. அப்படிக் கேட்கும்போது 'இணைப்பிலேயே இரு' என்பதைக் கொடுங்கள், அல்லது அந்தப் போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். மலையில் பத்துக்கு ஒன்பது புகார் இதுதான்.

எல்லாரும் ஒரே வைஃபையில் இருந்தும் 8080 பக்கம் திறக்கவில்லையா? எண்ணை மறுபடி பாருங்கள், ஹாட்ஸ்பாட்டை அணைத்துப் போட்டால் செட்டின் ஐபி மாறியிருக்கும். எண் சரி என்றால், சில போன்களின் ஹாட்ஸ்பாட் தன்னில் சேர்ந்த கருவிகளை ஒன்றோடொன்று பேசவிடுவதில்லை. அப்போது ஹாட்ஸ்பாட்டைச் செட்டிலேயே போட்டுவிட்டால் தீரும்.

புளூடூத்தில் வேறு போன் புகுந்து திரையைப் பிடுங்குவது, எங்களுக்கு நடந்ததே, அதற்கு மருந்து செட்டின் புளூடூத் அமைப்பில் இருக்கிறது. 'ஆட்டோ கனெக்ட்' ஆஃப், 'ஆட்டோ ஆன்சர்' ஆஃப். பின் எண் 0000 அல்லது 1234 என்று வந்தபடியே இருந்தால் மாற்றுங்கள். முன்சீட்டுப் போனைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பட்டியலில் இருந்து அழித்துவிடுங்கள். ஆட்டோ ஆன்சரைச் சொல்லக் காரணம் உண்டு. ஒரு வீட்டில் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்த பேச்சு முழுவதும், தானாக எடுத்த அழைப்பில், பதினைந்து பேர் கேட்க ஸ்பீக்கரில் வந்தது. அந்தப் பெண்ணும் வண்டியில் இருந்தாள். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்த விதம் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது.

இறங்கும்போது

வாடகை வண்டி என்றால் இதைத் தவறவிடாதீர்கள். ஜாமை முடித்துவிடுங்கள். டிவியின் யூடியூப் அமைப்பில் இணைந்த கருவிகளை நீக்குங்கள். பென்டிரைவை மறக்காமல் எடுங்கள். ஹாட்ஸ்பாட் பாஸ்வேர்டை மாற்றுங்கள், இல்லையென்றால் அடுத்த தடவை அதே டிரைவர் உங்கள் தெரு வழியாகப் போகும்போது அவர் செட் உங்கள் டேட்டாவில் சேர்ந்துகொள்ளும்.

கடைசியாக, செட்டின் புளூடூத் பட்டியலில் உங்கள் போன் பெயரைத் தொட்டு அழியுங்கள். இணைக்கும்போது அனுமதி கேட்டதற்குச் சரி கொடுத்திருந்தால் உங்கள் போனில் உள்ள பெயரும் நம்பரும் செட்டுக்குள் போயிருக்கும். அழித்த பிறகு செட்டின் போன்புக் பக்கத்தைத் திறந்து அது காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். சில செட்டுகளில் போன் பெயர் போனாலும் நம்பர்கள் அங்கேயே கிடக்கும், அதைத் தனியாக அழிக்க வேண்டும். சர்வீசுக்கு வரும் வண்டிகளில் முன்பு யாரோ விட்டுப்போன அம்மா, அப்பா, ஸ்கூல் டீச்சர் என்ற பெயர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன், பார்த்ததும் அழித்துவிடுகிறேன்.